பழைய கணினியில் புதிய இயங்குதளம்



உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ ஒரு பழைய மடிக்கணினி கிடக்கிறதா? அக்காவோ அண்ணனோ பள்ளியில் படித்தபோது பெற்றதாக இருக்கும். "அது பழையது, புதிய இயங்குதளம் அதில் ஏறாது, தூக்கிப் போடவேண்டியதுதான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லில் உண்மை எவ்வளவு என்பதை நாமே ஆராய்ந்து பார்ப்போமா?

சென்ற ஆண்டு பாகூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்படிப்பட்ட மடிக்கணினி ஒன்றைத் துணிப்பையில் வைத்து என்னிடம் கொண்டுவந்தாள். பாகூரைச் சுற்றிப் புதுவை ஊர்களும் கடலூர் மாவட்டத்து ஊர்களும் பின்னிப் பிணைந்து கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். அவளுடைய சித்தி எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர். 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் அடுத்த ஆண்டே அதைப் பெற்றவர். மாணவிக்கு வீட்டில் பைத்தான் மொழி பழக ஒரு கணினி வேண்டும். பழுது பார்க்கும் கடையில், "விண்டோஸ் 10-க்குக் காலம் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 இதில் ஏறாது; புதிது வாங்குங்கள்" என்று கூறிவிட்டார்கள். நெல் விற்ற பணம் வந்ததும் வாங்கலாமா, அதை அடுத்த பட்டத்துச் செலவுக்கு வைக்கலாமா என்று தந்தை யோசித்துக்கொண்டிருந்தார்.

"இது நிஜமாகவே செத்துப்போச்சா சார்?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், முதலில் இயங்குதளம் என்பது என்ன என்று தெரியவேண்டும்.

ஏரியும் மதகும்

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்று நீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஏரியில் நீர் இருந்தால் மட்டும் போதுமா? எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று முறை வைத்துப் பங்கிட ஒருவர் வேண்டும். இல்லையேல் தலைமடைக்காரர் வயல் மூழ்கும், கடைமடைக்காரர் வயல் காயும்.

கணினிக்குள்ளும் இதே நிலைதான். செயலி, நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகியவை வன்பொருள்கள். நீங்கள் ஒரே நேரத்தில் பாட்டுக் கேட்கிறீர்கள், கட்டுரை தட்டுகிறீர்கள், இணையத்தில் தேடுகிறீர்கள். இந்த நிரல்கள் அனைத்துக்கும் செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் முறை வைத்துப் பங்கிட்டுத் தரும் மேலாள் நிரலே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓ.எஸ். எல்லாம் இவ்வேலையையே செய்கின்றன.

மேலாளுக்கு ஒவ்வொரு மதகின் இயல்பும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதுபோலத் திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு முதலிய ஒவ்வொரு கருவியையும் இயக்கும் முறை தெரிந்த சிறு நிரல்கள் இயங்குதளத்துக்குத் தேவை. இவற்றை இயக்கிகள் என்கிறோம். இச்சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

"காலம் முடிந்தது" என்றால் என்ன?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என அப்போது அறிவித்தது.

அந்த நாளில் கணினிகள் நின்றுவிடவில்லை. நேற்று ஓடியதுபோல் இன்றும் ஓடும். நின்றுபோவது திருத்தங்களே. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் ஓட்டைகள் இருந்தே தீரும். அவற்றைக் கண்டுபிடித்து அடைத்துக்கொண்டே இருப்பதுதான் ஆதரவு என்பது. அது நின்றபின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை திறந்தே கிடக்கும்.

இதன் விளைவுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே மாட்டிக்கொண்டன. ஆகவே, "ஓடுகிறதே, போதாதா?" என்று இருந்துவிடுவதும் சரியன்று.

மூன்று வகைத் தடைகள்

சரி, விண்டோஸ் 11 ஏன் அந்த மடிக்கணினியில் ஏறாது என்கிறார்கள்? 2021 அக்டோபர் 5-இல் வெளிவந்த அந்த இயங்குதளம் சில தேவைகளைக் கேட்கிறது: பட்டியலில் இடம்பெற்ற 64 பிட் செயலி, 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், யு.இ.எஃப்.ஐ. என்னும் புதுவகைத் தொடக்க நிரல், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இன்டெல் செயலிகளில் ஏறத்தாழ 2017-க்குப் பின் வந்த எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே பெரும்பாலும் பட்டியலில் உள்ளன.

இந்தத் தேவைகள் எல்லாம் ஒரே இயல்பு உடையவை அல்ல. அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலாவது, இயற்கைத் தடை. செயலிக்குத் தெரியாத கட்டளையை அதற்குக் கொடுத்தால் அதனால் செய்யவே இயலாது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, 'பாப்கவுன்ட்' என்னும் கட்டளை செயலியில் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. ஓர் இரும எண்ணில் எத்தனை ஒன்றுகள் உள்ளன என எண்ணிச் சொல்வதே அதன் வேலை. எடுத்துக்காட்டாக, 45 என்பதை இரும முறையில் 101101 என எழுதுவோம். இதில் நான்கு ஒன்றுகள். எனவே விடை 4. 2006-இல் வந்த 'கோர் 2' வகைச் செயலிகளுக்கு இக்கட்டளை தெரியாது. 2008-இல் வந்த 'கோர் ஐ' வரிசைக்குத் தெரியும். முதல் வகைக் கணினியில் அந்தப் பதிப்பு தொடங்கவே தொடங்காது. எந்தத் தந்திரமும் இங்கே பலிக்காது.

32 பிட் செயலியும் இத்தகைய தடையே. 32 இருமத் தானங்களால் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 429,49,67,296 முகவரிகளையே எழுத முடியும். அது 4 ஜிகாபைட். 64 பிட் செயலிக்காக எழுதப்பட்ட இயங்குதளம் அதில் ஓடாது.

இரண்டாவது, பற்றாக்குறைத் தடை. நினைவகம் போதவில்லை, வட்டு மெதுவானது, வரைவியல் சில்லுக்குப் புதிய இயக்கி எழுதப்படவில்லை என்பன இவ்வகை. இங்கே இயங்குதளம் ஏறும், ஆனால் திணறும். சிலவற்றைப் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். சிலவற்றைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது, விதித் தடை. செயலியால் முடியும், நினைவகமும் போதும். ஆயினும் நிறுவும் நிரல் பட்டியலைப் பார்த்து, "உன் பெயர் இல்லை" என்று நிறுத்திவிடுகிறது. தகுதிச் சான்று இல்லாத வேன் சாலையில் ஓடாது என்பதில்லை, ஓடும். ஆனால் அதற்குப் பொறுப்பேற்பவர் யாருமில்லை. இதுவும் அப்படியே.

டி.பி.எம். சில்லைப் பற்றி இங்கே ஒரு சொல். அது கோயில் உண்டியலைப் போன்றது. இரகசியக் குறியீட்டுச் சாவிகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும், வெளியே தராது. கணினி தொடங்கும்போது வரிசையாக எழும் நிரல்களின் கைரேகை போன்ற எண்களையும் உள்ளே வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். உண்டியலில் போட்டதை இடையில் எவரும் மாற்ற முடியாததுபோல் இந்தப் பதிவையும் இடையில் மாற்ற முடியாது. தொடக்க நிலையிலேயே யாரேனும் புகுந்து நிரலை மாற்றியிருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்குப் போடுவதற்கும் எழுதுவதற்கும் செயலிக்கு அது இன்றியமையாததன்று. ஆகவே டி.பி.எம். இல்லை என்பது மூன்றாம் வகைத் தடையில் சேரும்.

விதியைத் தாண்டினால்?

விதித் தடையைத் தாண்டும் வழிகள் உண்டு. விண்டோஸ் 11 நிறுவுவதற்கான யு.எஸ்.பி. பேனாவைத் தயாரிக்கும்போது 'ரூஃபஸ்' என்னும் இலவச நிரல், டி.பி.எம்., நினைவகச் சோதனைகளை நீக்கித் தரும். பழைய டி.பி.எம். உள்ள கணினிகளில் பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றும் முறையை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒரு காலத்தில் தன் உதவிப் பக்கத்தில் தந்திருந்தது, பின்னர் நீக்கிவிட்டது.

மாணவியின் கணினியில் இதை நாங்கள் செய்து பார்த்தோம். செயலி 64 பிட். பாப்கவுன்ட் கட்டளையும் உண்டு. இயற்கைத் தடை எதுவுமில்லை. 2 ஜிகாபைட்டாக இருந்த நினைவகத்தோடு பழைய கணினி ஒன்றிலிருந்து கழற்றிய இன்னொரு 2 ஜிகாபைட் துண்டைச் சேர்த்தோம். விண்டோஸ் 11 ஏறிவிட்டது! அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. திரை தயாராகி எதையாவது திறப்பதற்குள் நான்கு நிமிடம் ஆயிற்று. வரைவியல் சில்லுக்கு உரிய இயக்கி இல்லாததால் பொது இயக்கியே வேலை செய்தது; படம் விட்டுவிட்டு ஓடியது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. பட்டியலில் இல்லாத கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புகளையும் நாமே கையால் ஏற்றவேண்டி வரும். திருத்தங்கள் நின்றுபோயின என்றுதானே விண்டோஸ் 10-ஐ விட்டோம்? அதே ஐயத்துக்கே மறுபடி வந்து நின்றோம்.

மெதுவாக இருப்பது ஏன்?

இங்கே ஓர் இயற்பியல் கணக்கு. அந்தக் கணினியில் இருந்தது சுழலும் காந்த வட்டு. நிமிடத்துக்கு 5400 சுற்று. அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 1/90 வினாடி, ஏறத்தாழ 11.1 மில்லிவினாடி. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்கவேண்டும்; 5.6 மில்லிவினாடி.

இது கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. ஆனால் செயலிக்கு? 2 கிகாஹெர்ட்ஸ் செயலியின் கடிகாரம் வினாடிக்கு 200 கோடி முறை துடிக்கிறது. 5.6 மில்லிவினாடியில் ஒரு கோடியே பன்னிரண்டு இலட்சம் துடிப்புகள்! ஒவ்வொரு தகவலுக்கும் அவ்வளவு காலம் செயலி காத்திருக்க நேர்கிறது. நினைவகம் நிரம்பிவிட்டால் இயங்குதளம் அடிக்கடி வட்டுக்குப் போய்வரும். அப்போது காத்திருப்பு மேலும் பெருகும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்ம நிலை வட்டில் சுழலும் பாகம் எதுவுமில்லை. மின்னணுச் சில்லுகளிலிருந்தே தகவல் வருகிறது. ஏறத்தாழ 0.1 மில்லிவினாடியில் கிடைத்துவிடும். ஆகவே பழைய கணினிக்குச் செய்யத்தக்க முதல் செலவு வட்டை மாற்றுவதே. செயலி முதுமையடையவில்லை, அது காத்துக் கிடந்தது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்வார்கள்.

மற்றொரு வழி

நாங்கள் அடுத்துத் தேர்ந்தது லினக்ஸ். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருநிரல் அது. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்தது. விரும்புவோர் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பழைய கருவி ஒன்றின் இயக்கியைக் காப்பாற்ற நாலு பேர் முன்வந்தால் அது நீடிக்கும். ஒரே நிறுவனத்தின் முடிவைச் சார்ந்து நிற்பதில்லை.

அதற்காக லினக்ஸ் எந்தப் பழைய பொறியிலும் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். லினஸ் முதன்முதலில் எழுதியது 386 வகைச் செயலிக்காக. அந்த 386-க்கான ஆதரவையே 2013-இல் வந்த 3.8 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். 'டெபியன்' என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் வழங்கல், 2025 ஆகஸ்டில் வந்த தன் 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான முழு ஆதரவைக் கைவிட்டது. எந்த இயங்குதளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

லினக்ஸ் வழங்கல்கள் பல. நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இந்திய மொழிகளுக்கான இயங்குதளத்தை உருவாக்கியுள்ளது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ் வழியாகவே கணினிப் பாடம் நடக்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது 'லினக்ஸ் மின்ட்' வழங்கலின் இலகுவான முகப்புப் பதிப்பு. அதற்குக் குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். 4 இருந்தால் நலம்.

ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்தி அதில் ஏற்றியதும் திரை அரை நிமிடத்தில் தயாராயிற்று. பைத்தான் அதிலேயே இருந்தது. தமிழ்99 விசைப்பலகை முறையும் இருந்தது. செலவு, எஸ்.எஸ்.டி. வட்டின் விலை மட்டுமே.

குறைகளையும் சொல்லிவிடவேண்டும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்குப் பதிவு நிரல்களும் சில விளையாட்டுகளும் லினக்ஸில் நேரடியாக ஓடா. பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழ் ஆவணங்களைப் படிக்க அந்த எழுத்துருக் கோப்புகளையும் உடன் கொண்டுவரவேண்டும். பதின்மூன்று வயது மின்கலம் அரை மணி நேரமே தாங்குகிறது. அதற்கு எந்த இயங்குதளத்திலும் மருந்தில்லை.

நீங்கள் செய்யும்போது

முதலில், கணினியிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என்று மற்றொரு கணினியில் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் இதைச் செய்யாமல் வட்டைத் துடைத்துவிட்டு, மூன்றாண்டு வகுப்புக் குறிப்புகளை இழந்தேன். மாணவியின் கணினியில் சித்தியின் கலியாணப் படங்கள் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி யாரிடமும் இல்லை!

இரண்டாவது, செயலியின் பெயர், 64 பிட்டா, நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வகை என்பனவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு குறையும் மூன்று வகைத் தடைகளில் எதைச் சேர்ந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்.

மூன்றாவது, இயங்குதளத்தை அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கடைத்தெருவில் யாரோ பேனாவில் போட்டுத் தருவதை ஏற்காதீர்கள். இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண் அத்தளத்திலுள்ள எண்ணோடு ஒத்திருக்கவேண்டும். ஓரெழுத்து மாறினாலும் கோப்பு பழுது.

நான்காவது, லினக்ஸை வட்டில் ஏற்றாமல் யு.எஸ்.பி. பேனாவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அப்போதே ஒலி, கம்பியில்லா இணைப்பு, விசைப்பலகை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். இயக்கி இருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

ஐந்தாவது, நிறுவும்போது மின்னேற்றி இணைந்தே இருக்கட்டும். பழைய மின்கலத்தை நம்பாதீர்கள். மின்வெட்டு வரக்கூடிய நேரத்தையும் தவிருங்கள். முடிந்ததும் முதல் வேலையாகத் திருத்தங்களைப் பெறுங்கள்.

தனியே செய்யத் தயக்கமானால், புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழுக்கள் உள்ளன. மாணவர்களுக்குச் சொல்லித்தருவதை அவர்கள் ஒரு பணியாகவே செய்துவருகிறார்கள்.

எறிந்துவிட்டால் என்ன?

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. எஞ்சியவற்றில் உள்ள ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கும் வாய்ப்பு உண்டு. ஏரி நீரைக் குடித்து விளையும் நெல்லை உண்கிற நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று.

அதற்காகப் பழையவை அனைத்தையும் கட்டிக் காக்கவும் வேண்டாம். இயற்கைத் தடை உள்ள கணினியை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம். பற்றாக்குறை உள்ளதற்குச் செலவையும் பயனையும் கணக்குப் பார்க்கலாம். விதித் தடை மட்டுமே உள்ளதை எறிவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கவேண்டும்.

பாகூரில் பல்லவர் காலத்திலேயே ஒரு கல்விச்சாலை இருந்தது. அதன் செலவுக்கு ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியை நிருபதுங்கவர்மன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு சொல்கிறது. கற்பவருக்குக் கருவி கிடைக்கவேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதல்ல. அந்த மாணவி இப்போது அதே மடிக்கணினியில் பைத்தான் எழுதுகிறாள். நெல் விற்ற பணம் அடுத்த பட்டத்துக்குப் போயிற்று.

சிந்தித்து விடை காணுங்கள்

1. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில் சராசரிக் காத்திருப்பு நேரம் என்ன? அந்த நேரத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் கடிகாரம் எத்தனை முறை துடிக்கும்?

2. 100 என்ற எண்ணை இரும முறையில் எழுதுக. பாப்கவுன்ட் கட்டளை அதற்குத் தரும் விடை என்ன?

3. ஒரு கணினியில் 64 பிட் செயலி உள்ளது; நினைவகம் 2 ஜிகாபைட்; டி.பி.எம். இல்லை. இக்குறைகள் எவ்வெவ்வகைத் தடைகள்? அதன் உரிமையாளருக்கு நீங்கள் என்ன யோசனை சொல்வீர்கள்?

(விடைகள்: 1. ஏறத்தாழ 4.17 மில்லிவினாடி; 1 கோடியே 25 இலட்சம் முறை. 2. 1100100, விடை 3. மூன்றாவதற்கு உங்கள் வகுப்பிலேயே விவாதித்து முடிவு காணுங்கள்.)